ஊசி போட மறுத்தவர்

ஊசி அறையின் வாசலுக்கும் அவருடைய மேசைக்கும் இடையே இருபது அடி தூரம் இருக்கும். பிற மருத்துவமனைகளில் டிரெஸ்ஸரின் இடம் வாசலை ஒட்டியே அமைந்திருக்கும். மருத்துவ உதவியாளரை மலாயாவில் அந்நாளில் டிரெஸ்ஸர் என்றுதான் அழைத்தோம். நோயாளி உள்ளே நான்கு அடி வைப்பார், திரைக்குப் பின்னால் ஊசியை வாங்கிக்கொள்வார், திரும்பிப் போவார். எங்கள் டிரெஸ்ஸரோ தம் மேசையை அறையின் மறுகோடியில், தெருவைப் பார்த்த சன்னலின் அடியில் போட்டு வைத்திருந்தார். காற்றுக்காக என்று டாக்டர் எண்ணியிருந்தார். இருமுகிற கூட்டத்திலிருந்து தள்ளி உட்காரும் தந்திரம் என்று நோயாளிகளாகிய நாங்கள் எண்ணியிருந்தோம். உண்மை விளங்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. வருகிறவர் அந்த இருபது அடியை நடந்து கடப்பதை அவர் பார்க்க வேண்டும். அதற்காகவே அந்த ஏற்பாடு.

"எப்படி இருக்கிறீர்கள்?" என்று அவர் எவரையும் கேட்டு நான் அறியேன். கேட்டால் நோயாளி பொய் சொல்வான் என்பது அவருடைய தீர்ந்த முடிவு. "மொதல்ல காலு. அப்புறம் சட்டை. அப்புறம் மூஞ்சி. வாய் கடைசியிலதான்" என்று தாதிகளிடம் சொல்லிக்கொண்டிருப்பார். குள்ளமான உருவம். கஞ்சி போட்ட வெள்ளை அரைக்கால் சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறை, வெற்றிலை மென்று சிவந்த உதடுகள். ஊசிகளைக் கொதிநீரில் போட்டுவிட்டு இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி உட்கார்ந்திருக்கும்போது, குளத்தின் கரையில் கொக்கு நிற்பதுபோல் இருக்கும்.

நாடு சுதந்திரம் பெறவிருந்த காலம். எனக்கு வயது இருபத்தொன்பது. சென்னைக் கல்லூரியொன்றில் பி.ஏ. முடித்துத் திரும்பி, மலாக்காவில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். காஜா பெராங்கில் வாடகை வீடு. வீட்டில் தாயாரும், வரன் பார்த்துக்கொண்டிருந்த தங்கையும். என் வலது நுரையீரலின் மேற்பகுதியில் சயரோகம் கண்டிருந்தது. உள்ளே புண்பட்ட இடம் ஆற ஆற வடுவாக இறுகிக்கொண்டு வருவதை டாக்டர் எக்ஸ்ரே படத்தில் பென்சிலால் தொட்டுக் காட்டினார். சளியில் கிருமி இல்லை என்று உறுதியான பின்னரே நான் வகுப்புக்குத் திரும்பினேன். இதைத் தலைமையாசிரியர் அறிவார், வீட்டில் இருவரும் அறிவார்கள், வேறு எவரும் அறியார். எலும்புருக்கி உள்ள வீட்டில் பெண் எடுக்க அந்நாளில் யாரும் முன்வரமாட்டார்கள். ஆதலால் வாரத்துக்கு மூன்று ஸ்டிரெப்டோமைசின் ஊசிக்கும், வாய்வழியே விழுங்க வேண்டிய பி.ஏ.எஸ். பொட்டலங்களுக்கும் நான் சென்றுவந்த பாதை, பண்டார் ஹிலிரில் ஒரு நண்பருக்கு இலக்கணம் கற்பிக்கச் செல்லும் பாதையாக ஊருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

இன்னொரு பொறுப்பும் எனக்கு இருந்தது. எங்கள் வட்டாரத்து மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர் நான். ஞாயிறுதோறும் தோட்டப்புறங்களுக்குச் சென்று கள்ளுக்கு எதிராகப் பேசினேன். என் பேச்சுக்கு அக்காலத்தில் மதிப்பு இருந்தது என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

டிரெஸ்ஸரோ மாலைதோறும் ஒரு மங்கு, அதாவது ஒரு கிண்ணம், கள் குடிப்பவர். அதை மறைப்பவரும் அல்லர். சிகிச்சையின் தொடக்கத்தில் இது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், "நோயைத் தீர்க்கும் கையே மாலையில் கள்ளுக் கோப்பையைத் தூக்குமானால்" என்று தொடங்கி, கேட்பவர்களுக்கு ஆள் யாரென்று விளங்கும்படியே பேசினேன். பேசி முடித்துத் தலை நிமிர்ந்தபோது அவர் பின்வரிசையில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை ஊசிக்குப் போனபோது என்ன சொல்வாரோ என்று எண்ணிக்கொண்டே மேசையை அடைந்தேன்.

"நல்லா பேசினீங்க வாத்தியாரே" என்றார். "கேட்டுட்டு ரெண்டாவது மங்கு குடிக்காமலே வீட்டுக்குப் போயிட்டேன்."

"முதல் மங்கு?"

"அது கூட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே குடிச்சாச்சுலா."

ஊசி வழக்கத்தைவிடக் கூடுதலாக வலிக்கவில்லை. அதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும்.

அவருடைய பார்வைக்குத் தப்பியவர் எவரும் இல்லை. புக்கிட் காதில் பக்கத்திலிருந்து லாரி ஓட்டுநர் ஒருவர் வருவார், நெடிய மனிதர். ஒருநாள் வாசலிலிருந்தே, "நல்லா இருக்கேன் டிரெஸ்ஸர், ஜுரம் கிரம் ஒண்ணும் இல்ல" என்று உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் மேசையை அடையும்வரை டிரெஸ்ஸர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "வெயில் மண்டையைப் பொளக்குது. நீ உள்ளே ஒரு சட்டை, வெளியே ஒரு சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்க. குளுருதா?" என்று கேட்டார். ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டார். "லாரியை எடுத்துடுவாங்க டிரெஸ்ஸர்" என்றார் மெல்ல. "லாரியை எடுத்தா திரும்பக் குடுப்பாங்க. ஒன்னை எடுத்தா யார் குடுப்பா?" என்று சொல்லி, வெப்பமானியை அவர் வாயில் வைத்தார்.

எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடும் நோயாளியும் ஒருவர் இருந்தார். காஜா பெராங்கில் செட்டி கம்பம் என்னும் குடியிருப்பைச் சேர்ந்த அம்மையார். அவர்களுடைய முன்னோர் பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்கள். நெற்றியில் திருநீறு இருக்கும், அம்மன் கோயில் திருவிழாவை ஊரே மெச்ச நடத்துவார்கள், பேச்சு மட்டும் மலாய். கெபாயாச் சட்டையும் சாரோங்குமாக அந்த அம்மையார் உள்ளே நுழைந்த கணமே, "டிரெஸ்ஸர், கெப்பாலா பூசிங்! பூசிங்!" என்று இரு கைகளையும் தலைக்கு மேலே சுழற்றிக் காட்டுவார். தலை சுற்றுகிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அன்றே அவருக்கு ஊசியின் அளவு குறைக்கப்பட்டது. அடுத்த வாரமும் சுழற்றினார், இன்னும் குறைந்தது. எங்கள் பக்கம் திரும்பி டிரெஸ்ஸர் சொன்னார்: "இந்தம்மாவுக்கு வைத்தியம் பாக்கிறது சுலபம். காலும் வாயும் ஒண்ணையே சொல்லுது."

அந்தச் சொல் எனக்காகச் சொல்லப்பட்டது என்பதை அன்று நான் உணரவில்லை.

எனக்குத் தலைசுற்றல் மூன்றாம் மாதத்தில் தொடங்கியது. முதலில் குளியலறையில். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் தரை இடப்பக்கம் சரிந்தது. தொட்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டேன். பிறகு அந்தியில், வெளிச்சம் மங்கும் நேரத்தில், பாதம் எங்கே படிகிறது என்பது எனக்கே ஐயமாயிற்று. பகலில், கண் திறந்திருக்கும்வரை ஒருவாறு சமாளித்தேன். காரணம் எனக்குத் தெரியும். ஸ்டிரெப்டோமைசின் சிலருக்கு உட்செவியைத் தாக்கும் என்று டாக்டர் முதல் நாளே கூறியிருந்தார். தலைசுற்றினால் உடனே சொல்ல வேண்டும் என்றும் கூறியிருந்தார். சொன்னால் என்ன நடக்கும் என்பதையும் நான் கணித்து வைத்திருந்தேன்: மருந்தை மாற்றுவதற்காக மருத்துவமனையில் படுக்க வைப்பார்கள், படுக்கையில் கிடந்தால் ஊர் அறியும், ஊர் அறிந்தால் தங்கையின் வாழ்வு போகும்.

ஆகவே நடையை மறைக்கத் துணைகள் தேடினேன். மழையில்லாத நாளிலும் குடை. அதற்கும் மேலாகச் சைக்கிள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பவனை எவரும் ஐயுறுவதில்லை. கைப்பிடியில் உடலின் பாதிப் பாரம் ஏறியிருப்பது பார்ப்பவருக்குத் தெரியாது.

என் திட்டம் குலைந்தது எங்கள் சங்கக் கூட்டத்தில்தான். கூட்டத்தை நாங்கள் இறைவணக்கத்தோடு தொடங்குவோம். எல்லாரும் எழுந்து கைகூப்பிக் கண்களை மூடி நிற்க, செயலாளர் பாட வேண்டும். கண்ணை மூடி இரண்டாம் அடியைத் தொடுவதற்குள் உடல் முன்னும் பின்னும் அசைந்தது. நாற்காலி ஒன்றைத் தட்டிவிட்டு, பொருளாளரின் தோளில் சாய்ந்தேன். கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது.

"செயலாளர் ஐயா, நீங்களே ஆடினா நாங்க எங்க போறது?"

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. பொருளாளர் சிரிக்கவில்லை. என்னைத் தாங்கிப் பிடித்தவர், என் முகத்தருகே மூக்கைக் கொண்டுவந்து ஒருமுறை மூச்சை இழுத்தார். அந்த மூச்சின் ஓசை இன்றும் எனக்குக் கேட்கிறது. சயரோகக்காரன் என்று சொல்லித் தப்புவதா, குடிகாரன் என்ற ஐயத்தைச் சுமப்பதா? காலையில் சாப்பிடவில்லை என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன்.

அதற்கு அடுத்த ஊசி நாள். வாசலில் நின்று இருபது அடியையும் கண்ணால் அளந்து, சுவர் ஓரமாக நடந்து மேசையை அடைந்தேன். ஊசி கொதிநீரில் கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"சைக்கிளை எங்க விட்டீங்க வாத்தியாரே?"

"வெளியே."

"மூணு வாரமா இந்தச் சன்னல் வழியா பாக்கிறேன். தள்ளிக்கிட்டே வர்றீங்க, தள்ளிக்கிட்டே போறீங்க. ஏறி ஒக்காந்து நான் பாக்கல."

"சங்கிலி கழன்றிருக்கிறது."

"மூணு வாரமாவா?"

அவர் இடுக்கியைத் தட்டில் வைத்தார். "இன்னைக்கு ஊசி இல்ல" என்றார்.

"டாக்டரின் உத்தரவு இருக்கிறது."

"உத்தரவு அவரோடது. கை என்னோடது."

சொன்னதோடு நிற்காமல் எழுந்து டாக்டரின் அறைக்குள் சென்றார். சிறிது நேரத்தில் என்னையும் உள்ளே அழைத்தார்கள். டாக்டர் கண்டிப்பானவர், எக்ஸ்ரே படத்தில் முன்னேற்றம் கண்டிருந்ததால் மருந்தை நிறுத்த மனமில்லாதவர். ஆங்கிலத்தில் என்னிடம் நேராகக் கேட்டார்: தலைசுற்றல் உண்டா? அறையின் கதவு திறந்திருந்தது. வெளியே நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சில், கையில் ஒரு சீட்டோடு எங்கள் சங்கப் பொருளாளர் உட்கார்ந்திருந்தார். எதற்காக வந்தாரோ அறியேன். என்னைப் பார்த்தார்.

"இல்லை ஐயா" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

டாக்டர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. டிரெஸ்ஸரைக் கடிந்துகொண்டார். எழுதிக் கொடுத்த ஊசியைப் போட மறுப்பதற்கு அவருக்கு என்ன உரிமை, படித்த மனிதர் தம் உடம்பைப் பற்றிச் சொல்வதைவிட இவர் கண்டுபிடிப்பது பெரிதா, இது மேலிடத்துக்கு எழுதப்படும் என்றெல்லாம் குரலை உயர்த்திச் சொன்னார். தாதிகள் இருவர் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இருபது ஆண்டு வேலை பார்த்தவர் பள்ளிப் பிள்ளைபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "சரிங்க டாக்டர்" என்று மட்டும் சொன்னார்.

ஊசி அறைக்குத் திரும்பினோம். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். என்னைத் தம் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவர் நின்றார்.

"டாக்டர் போடச் சொல்லிட்டார். போட்டுத்தான் ஆகணும். ஒரு விஷயத்தைச் சொல்லிட்டுப் போடறேன், கேட்டுக்கிறீங்களா?"

நான் தலையசைத்தேன்.

"இதுக்கு முன்னாடி தோட்டத்து ஆஸ்பத்திரியில இருந்தேன். பால்மரம் வெட்டுற பொண்ணு ஒண்ணு, ஒங்க வியாதிதான், இதே ஊசிதான். தலை சுத்துதாம்மான்னு கேட்டேன். இல்ல டிரெஸ்ஸரய்யான்னு சொல்லிச்சு. சுத்துதுன்னு சொன்னா, வேலை வாங்குற மண்டோரு அதோட மரநெரையை வேற ஆளுக்குக் குடுத்துடுவான். அதுக்குப் பயந்துக்கிட்டு சொல்லல. நானும் நம்பினேன். அப்பல்லாம் நான் வாயை நம்புற ஆளு."

வெற்றிலையை மெல்வதை நிறுத்தியிருந்தார்.

"இந்த மருந்து மொதல்ல காலை எடுக்கும் வாத்தியாரே. அதுக்கு மேலயும் போட்டா காதை எடுக்கும். காலு பாதி திரும்பி வரும். காது வராது. அந்தப் பொண்ணுக்கு நோய் நல்லா போச்சு, நெஞ்சு சுத்தம். கைக்குழந்தை முதுகுக்குப் பின்னாடி தொட்டில்ல அழுவுது, அது பாட்டுக்கு அரிசி பொடச்சிக்கிட்டு இருந்துச்சு. நான் வாசல்ல நின்னு பாத்தேன்."

என்னால் முடிந்ததையெல்லாம் திரட்டி ஒரு வாதத்தை முன்வைத்தேன். "ஊர் என்னைக் குடிகாரன் என்கிறது டிரெஸ்ஸர். இதைச் சொன்னால் நோயாளி என்னும். என் தங்கைக்கு வரன் பேசியிருக்கிறது."

அவர் சிரித்துவிட்டார். ஏளனச் சிரிப்பு அன்று.

"குடிகாரனா? ஒங்களையா? எவன் சொன்னான்? தினம் குடிக்கிற எனக்குத் தெரியாதா குடிச்சவன் நடை? குடிச்சவன் காலைத் தைரியமா வைப்பான் வாத்தியாரே, தரை இருக்கான்னே பாக்க மாட்டான். நீங்க ஒவ்வொரு அடிக்கும் தரையைக் கேட்டுக் கேட்டு வைக்கிறீங்க. பச்சையா சொல்றேன், ஒங்களுக்குக் குடிக்கிற யோக்கியதை கெடையாது."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி கல்யாணம் நடக்கட்டும். அண்ணன் காதுல நாயனம் விழ வேணாமா?"

அவ்வளவுதான் சொன்னார். ஊசியை எடுத்து மருந்தை ஏற்றினார். என் முகத்தைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். போடுங்கள் என்று சொல்லியிருந்தால் போட்டிருப்பார். அவருக்கு வேறு வழியில்லை. வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஊசியைப் போடவேண்டியவர், அதைப் போடாமல் எனக்காக ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று நின்றுகொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். பெஞ்சில் இருந்த பொருளாளரைக் கடந்து, கதவு திறந்திருந்த அறைக்குள் சென்று, டாக்டரிடம் நான் சற்றுமுன் சொன்னது பொய் என்றேன். மூன்று வாரமாகத் தலை சுற்றுகிறது என்றேன். டிரெஸ்ஸர் கண்டது சரி என்றேன். என் கல்வி எனக்குக் கற்றுக்கொடுத்த ஆங்கிலத்தில் இவ்வளவு கடினமான மூன்று வாக்கியங்களை அதற்கு முன்னும் பின்னும் நான் பேசியதில்லை.

டாக்டர் எழுந்து வந்தார். பாதங்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னார். நின்றேன். கண்களை மூடச் சொன்னார். மூடினேன். எண்ணி ஐந்து ஆகவில்லை. அறை முழுதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் விழவில்லை. விழுவேன் என்பதை முன்பே அறிந்த இரண்டு கைகள் என் முதுகின் பின்னால் காத்திருந்தன.

டாக்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. டிரெஸ்ஸரை நீண்ட நேரம் பார்த்தார், பிறகு உட்கார்ந்து என் அட்டையில் ஸ்டிரெப்டோமைசின் என்றிருந்த வரியின் மேல் கோடு இழுத்தார். அதற்குப் பதிலாக ஐசோனியாசிட் என்ற புதிய மாத்திரை. பி.ஏ.எஸ். தொடரும். மருத்துவமனையில் படுக்க வேண்டியதில்லை; நான் அஞ்சியது நடக்கவே இல்லை. மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்ன கடிதமும் எழுதப்படவில்லை. ஆனால் டாக்டர் ஓர் எச்சரிக்கை செய்தார்: இனி இரண்டு மருந்துகளில் ஒன்றை விட்டாலும் கிருமி மற்றதற்குப் பழகிவிடும், பிறகு கொடுக்க எங்களிடம் மருந்து இராது.

இந்த மாற்றம் எளிதாக இருந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். புதிய மாத்திரை சிறியது, வெள்ளை நிறம், ஒரு தொல்லையும் தரவில்லை. பி.ஏ.எஸ். பொட்டலம்தான் வயிற்றைக் குமட்டியது. ஊசி இருந்தவரை அதை இடையிடையே தவறவிட்டிருந்தேன். இனி அதற்கும் வழியில்லை. அதையும் டிரெஸ்ஸர் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் என்னிடம் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியைக் கொடுத்துக் கழிவறையைக் காட்டினார். நான் கொண்டுவந்த நீரில் ஒரு மருந்தைச் சில சொட்டு விட்டார். பி.ஏ.எஸ். உடம்பில் இருந்தால் நீர் செந்நீலமாக மாறும். மாறியது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க வாத்தியாரே. நடையில தெரியாத சங்கதி இது ஒண்ணுதான். அதான் குப்பியைக் கேட்டேன்" என்றார். எவருடைய கௌரவத்துக்கும் அந்தக் குப்பி விலக்கு அளித்ததில்லை. லாரி ஓட்டுநருக்கும் அதே குப்பி, எனக்கும் அதே குப்பி.

"குமட்டுது" என்று நான் அன்று நானாகவே சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்க இயலாது. பசியாறிய பின் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் கூடாது, ஒரே முறையில் விழுங்காமல் பிரித்து விழுங்க வேண்டும், பாலோடு எடுத்தால் நல்லது என்று ஒரு மணவீட்டுக்குச் சமையல் சொல்வதுபோல் விரிவாகச் சொன்னார். அதன்படி ஓராண்டுக்கு மேல் விழுங்கினேன்.

பொருளாளரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவர் எவரிடமும் வாய் திறக்கவில்லை. அவரை அந்தப் பெஞ்சில் நானும் பார்த்திருந்தேன் அல்லவா? அடுத்த கூட்டத்தில் இறைவணக்கத்துக்கு எல்லாரும் எழுந்தபோது அவர் ஒரு நாற்காலியை என் கைக்கு எட்டுமாறு நகர்த்தி வைத்தார். அதைத் தவிர எங்களுக்குள் வேறு பேச்சு இல்லை.

கால் மெல்லத் திரும்பி வந்தது, அவர் சொன்னபடியே பாதி. சுதந்திரக் கொண்டாட்டத்தில் எங்கள் பள்ளி மாணவர்களைப் பண்டார் ஹிலிர் திடலில் அணிவகுத்து நடத்திச் செல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. பட்டப்பகல், கண் திறந்திருந்தது, கையில் குடையும் இல்லை. கூட்டத்தின் நடுவிலிருந்து நன்கு பழகிய குரல் ஒன்று, முதல் மங்கைத் தாண்டிவிட்ட உற்சாகத்தோடு, "வாத்தியாரே, ஜோர்! நேரா போங்க!" என்று கூவியது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அணிவகுப்பில் திரும்பிப் பார்ப்பது முறையன்று.

தங்கையின் திருமணம் அதற்கு அடுத்த தையில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் புக்கிட் ரம்பாயைச் சேர்ந்தவர்கள், கௌரவமான குடும்பம். என் நோயைப் பற்றி அவர்களுக்குச் சொல்லவில்லை. நாயனம் நன்றாக ஒலித்தது. தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் எழும்பியபோது நான் கண்களை மூடவில்லை. மூடினால் விழுவேன் என்பதால் மட்டும் அன்று. அழைப்பிதழ் அனுப்பியிருந்தும் டிரெஸ்ஸர் வரவில்லை. வந்தால் எங்கே பழக்கம் என்று கேட்பார்கள் என்பதை என்னைவிட அவர் நன்றாக யோசித்திருந்தார்.

மறு ஆண்டு அவருக்கு ஜொகூர் பக்கம் மாற்றல் வந்தது. என் சிகிச்சையும் அதே மாதம் முடிந்தது. கடைசி எக்ஸ்ரேயில் புண் இல்லை. வடு இருந்தது, இருக்கும், அதனால் தீங்கில்லை என்றார்கள். இன்றும் படியேறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறேன். அது அந்த வடுவின் பங்கு.

வழியனுப்பப் பேருந்து நிலையத்துக்குச் சென்றேன். ஒரு தகரப்பெட்டி, ஒரு மூட்டைப் படுக்கை, அவ்வளவே அவருடைய உடைமை. ஆசிரியர் தொழிலில் பத்து ஆண்டு மேடைகளில் பேசியவன், நன்றி என்ற சொல்லை உரிய வாக்கியத்தில் அமைக்க முடியாமல் நின்றேன். அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒருவர் என் தோளைத் தொட்டார். தங்கையின் மாமனார். மூவார் போகும் பேருந்துக்கு வந்திருந்தார்.

"தம்பி, யாரை வழியனுப்ப வந்தீங்க?" என்று கேட்டவர், டிரெஸ்ஸரை மேலும் கீழும் பார்த்தார். "ஐயா யாரு? ஒங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

நான் குனிந்து தகரப்பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

"ரெண்டு பேரும் ஒரே கடையிலதாங்க முடி வெட்டிக்கிறோம்" என்றார் டிரெஸ்ஸர். "வாத்தியாரு நல்லா பேசுவாரு. கேட்டுக்கிட்டு ஒக்காந்திருப்பேன்."

மாமனார் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். பேருந்து வந்தது. தகரப்பெட்டியை நான் தூக்கிக் கொடுத்தேன். அதுவும் அவர் தடுத்துப் பார்த்த பிறகு. அவர் சன்னலோரத்தில் உட்கார்ந்தார். நான் கைகூப்பினேன். அவர் சிரித்துக்கொண்டே கையை அசைத்தார். பிறகு ஒருமுறைகூட நான் அவரைச் சந்திக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து அவருடைய மறைவுச் செய்தி ஒரு தாதியின் வழியாக என்னை எட்டியது.

அவருடைய பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம் உண்டு. அவருடைய மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஒப்புதல் இல்லாமல் அதை எழுத எனக்கு உரிமை இல்லை. என்னைப் பற்றி எழுதுவதற்கு மட்டும் உரிமை உண்டு. தங்கைக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். மாமனார் காலமாகி வெகு ஆண்டுகள் ஆயின. அன்று பேருந்து நிலையத்தில் அவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவன் நான். எனக்காக இன்னொருவர் பொய் சொல்ல நேர்ந்தது. வாயை நம்பாத மனிதர், தம் வாயால் எனக்காகச் சொன்ன பொய் அது ஒன்றே என்று எண்ணுகிறேன். அந்த விடையை இப்போது தருகிறேன்.

ஐயா, எனக்குச் சயரோகம் இருந்தது. இவர் என் டிரெஸ்ஸர். நீங்கள் கேட்டது என் காதில் விழுந்ததே இவரால்தான்.